புள்ளிக்கு முன்னால் ஒன்று

என் நட்சத்திரம் மகம். மகம் ஜகத்தை ஆளும் என்பார்கள். ஜகத்தை ஆளப் பிறந்த நான் கிழக்கேகோட்டையில் ரோட்டைக் கடக்க வேண்டுமென்றால், வேறு யாராவது கடக்கும்வரை காத்திருந்து அவர்கள் முதுகோடு ஒட்டிக்கொண்டுதான் போவேன். பஸ்ஸில் ஏறினால் நான் இறங்க வேண்டிய இடம் போய்விட்டதோ என்று முதல் நிறுத்தத்திலிருந்தே எட்டி எட்டிப் பார்ப்பேன். வாசலைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். "ஜகத்தை ஆளறது கெடக்கட்டும், மொதல்ல அந்தப் பூட்டை நம்பு" என்பாள் அம்மா.

வலியசாலையில் எங்கள் வீடு. அப்பா ஒரு கோவில் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு இருபத்தாறு நடந்துகொண்டிருந்தது. இரண்டு மூன்று இடங்கள் வந்து போயிருந்தன. ஒருவருக்கு நான் குள்ளம், இன்னொருவருக்கு எங்கள் வீடு குள்ளம். நட்சத்திரத்தில் மட்டும் யாரும் குறை சொன்னதில்லை. அந்த ஒரு விஷயத்தில்தான் நான் பயப்படாமல் இருந்தேன்.

எண்பதுகளின் கடைசி அது. கட்டட கான்டிராக்டர் ஒருவரின் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். டைப்பிஸ்டாகத்தான் சேர்ந்தேன். ஒரு நாள் முதலாளி கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிக் கொண்டுவந்து, அதற்கென்று ஓர் அறையைத் தடுத்து, ஏ.சி. போட்டு, வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார். கோவில் சன்னிதிதான் போங்கள்! உள்ளே போக மற்றவர்கள் பயந்தார்கள். நானும் பயந்தேன். ஆனால் முதலாளியிடம் மாட்டேன் என்று சொல்ல அதைவிடப் பயமாக இருந்ததால் நான் உள்ளே போனேன்.

அதில் ஸ்ப்ரெட்ஷீட் என்று ஒன்று இருந்தது. கட்டம் கட்டமாக, கோடு போட்ட தாள் மாதிரி. எந்தக் கட்டத்திலும் ஒரு சூத்திரம் எழுதலாம், விடை அங்கேயே வந்து உட்காரும். எங்கள் கான்கிரீட் கலக்கும் மெஷின்கள் எந்த வேலையிடத்தில் எவ்வளவு நேரம் ஓடின என்று எழுதிவைப்பது என் பொறுப்பு. அதற்காக நேரத்தைக் கட்டும் சூத்திரத்தைப் படித்துக்கொண்டேன். 'டைம்' என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் மணி, நிமிடம், நொடி என்று மூன்றையும் கொடுத்தால், ரவையும் சர்க்கரையும் நெய்யும் சேர்ந்து கேசரியாவதுபோல மூன்றும் சேர்ந்து ஒரு நேரமாகிவிடும். ஆனால் மெஷின் தன் மனசுக்குள் அதை மணியாக வைத்துக்கொள்வதில்லை. அதற்கு ஒரு முழு நாள் என்பது ஒன்று. நண்பகல் அரை. காலை ஆறு மணி கால். நாள் முழுவதையும் ஒன்றுக்குள் அடக்கி, புள்ளிக்குப் பின்னால் தசமமாக வைத்திருக்கும். நமக்குக் காட்டும்போது மட்டும் மணியும் நிமிடமுமாக உடுத்திக் காட்டும்.

இதைப் படித்த அன்று வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் எனக்கு ஒன்று தோன்றியது. நம் ஜாதகங்களிலும் இதே கதைதானே? பிறந்த நேரத்தை அதில் மணியாக எழுதுவதில்லை, சூரியோதயத்திலிருந்து இத்தனை நாழிகை, இத்தனை விநாழிகை என்றுதான் எழுதியிருப்பார்கள். நாளுக்கு அறுபது நாழிகை. ஒரு நாழிகைக்கு இருபத்துநாலு நிமிடம். ஒரு விநாழிகைக்கு இருபத்துநாலு நொடி. அப்படியென்றால் சூத்திரம் ரெடி! அன்றைய சூரியோதயத்துக்கு ஒரு டைம், நாழிகையை இருபத்துநாலு நிமிட டைமால் பெருக்கி ஒன்று, விநாழிகையை இருபத்துநாலு நொடி டைமால் பெருக்கி இன்னொன்று. மூன்றையும் கூட்டினால் கடிகார நேரம் வந்துவிடும்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போட்டுப் பார்த்தேன். அப்பாவின் ஜாதகம்: உச்சிப் பொழுதில் பிறந்தவர், பன்னிரண்டே முக்கால் என்று வந்தது. அம்மா விளக்கு வைக்கும் நேரத்தில் பிறந்தவள், ஆறரை என்று வந்தது. பக்கத்து வீட்டு மாமா, எதிர்வீட்டு இரட்டைக் குழந்தைகள், எல்லாம் கனகச்சிதம். தெருவில் செய்தி பரவிவிட்டது. அப்போது கம்ப்யூட்டர் ஜாதகம் புதிய மோகம். கிழக்கேகோட்டையில் ஒரு கடையில் ஆங்கிலத் தேதியும் மணியும் நிமிடமும் கொடுத்தால் ஜாதகம் அச்சடித்துத் தருவார்கள். நாழிகைக் கணக்கு அங்கே செல்லாது. ஆகவே நாழிகையை மணியாக்க என்னிடம் வந்தார்கள். பூட்டை நம்பாத நான் அந்தச் சூத்திரத்தை நம்பினேன். யோசித்துப் பார்த்தால், என்னிடம் வந்தவர்கள் எல்லாரும் பகலிலோ முன்னிரவிலோ பிறந்தவர்கள். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அந்த வரன் வந்தது. பையனுக்கு அரசாங்க அலுவலகம் ஒன்றில் வேலை. அப்பா கிடையாது. அவன் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டார். அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். தனியாக நின்று பிள்ளையை வளர்த்தவர். அவருடைய அண்ணா, பையனுக்கு மாமா, பம்பாயில் வேலை பார்த்து ஓய்வு பெற்று ஊருக்கு வந்திருந்தார். அந்த வீட்டில் நல்லது கெட்டது எல்லாவற்றையும் முன்னின்று பேசுபவர் அவர்தான்.

பெண் பார்க்க வந்தபோது என்னைப் பாடச் சொன்னார் அந்த மாமா. பாட்டின் முதல் வார்த்தைகூட நினைவுக்கு வரவில்லை. அம்மா உள்ளேயிருந்து இருமி இருமி எடுத்துக்கொடுக்கிறாள், எனக்கு அது இருமலாகவே கேட்கிறது. அழுதுவிடுவேன் என்று இருந்தபோது பையன் சொன்னார்: "விடுங்கோ மாமா. எனக்கும் பாடத் தெரியாது. ரெண்டு பேருமா சேர்ந்து பாடாம இருந்துக்கறோம்."

எல்லாரும் சிரித்தார்கள். அவருடைய அம்மா மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இந்த மனிதர்தான் வேண்டும் என்று அந்த நிமிஷமே தோன்றிவிட்டது. தோன்றியதும் பயமும் வந்துவிட்டது. வேண்டும் என்று நினைத்துவிட்டால் கிடைக்காமல் போகலாமே.

கிளம்பும்போது மாமா அப்பாவிடம், "கையால எழுதின ஜாதகத்தை நான் நம்பறதில்லை, தப்பா எடுத்துக்காதீங்கோ. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னு நம்மவாளே சொல்லி வெச்சிருக்கா. மெஷின் பொய் சொல்லாது, கேட்டேளா? கம்ப்யூட்டர் ஜாதகமே எடுத்துடலாம்" என்றார்.

"பேஷா எடுக்கலாம். எங்க பொண்ணே கம்ப்யூட்டர் ஆளாக்கும்" என்றார் அப்பா. அவர் முகத்தில் அவ்வளவு பெருமை.

என் பழைய ஜாதகத்தில் செவ்வாய்க்கிழமை, சூரியோதயத்திலிருந்து ஐம்பத்தாறரை நாழிகை என்று இருந்தது. அப்பா தன் பழைய அலுவலகத்துக்குப் போய் அந்த வருஷத்துப் பஞ்சாங்கத்தைத் தேடி, அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு என்ன ஆங்கிலத் தேதி என்று பார்த்து வந்தார். பள்ளிக்கூட சர்டிபிகேட்டில் இருந்த தேதி உதவாது. ஒரு வருஷம் முன்னதாகச் சேர்க்க அப்பாவே ஹெட்மாஸ்டரிடம் சொன்ன தேதி அது. நான் என் சூத்திரத்தில் நாழிகையைக் கொடுத்தேன். அதிகாலை 4.51 என்று வந்தது. அம்மாவிடம் கேட்டேன். "ஆமாம், கோவில்ல நிர்மால்யத்துக்கு மணி அடிச்சு ஓஞ்ச பின்னாடி. விடியறதுக்கு முன்னாடி. செவ்வாய்க்கிழமை ராத்திரிதான்" என்றாள். எல்லாம் பொருந்தியது. செவ்வாய்க்கிழமைத் தேதியையும் 4.51-ஐயும் ஒரு துண்டுத்தாளில் எழுதி அப்பாவிடம் கொடுத்தேன். அப்பாவும் மாமாவும் கடைக்குப் போனார்கள்.

அப்பா தனியாகத் திரும்பி வந்தார். குடையை மடக்காமலேயே மூலையில் வைத்தார்.

"ஆயில்யம்னு வந்திருக்கு" என்றார்.

"யாருக்கு?" என்றாள் அம்மா.

"இவளுக்குத்தான்."

ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது என்பது எங்கள் தெருவில் பால்காரருக்குக்கூடத் தெரியும். அந்த நட்சத்திரத்துப் பெண்ணுக்கு மாமியார் இல்லாத வீடாகத் தேடுவார்கள். இங்கேயோ அந்த வீட்டில் மாமியார் ஒருவரைத் தவிர வேறு பெரியவர்களே கிடையாது. கடையில் மாமா அந்தத் தாளை இரண்டு தடவை படித்தாராம். பிறகு அப்பாவைப் பார்த்து, "என் தங்கை ஒருத்திதான் அந்தப் பிள்ளைக்கு மிச்சம். நட்சத்திரத்தையே மாத்தி எழுதற அளவுக்குப் போவேள்னு நான் நெனைக்கலை. அவகிட்டே கேட்டுட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம்.

"நான்னா பெத்தவ? எனக்குத் தெரியாதா? மகம்தான்! செவ்வாய்க்கிழமை ராத்திரிதான்!" என்று அம்மா கத்தினாள்.

"செவ்வாய்னுதானே இதுலயும் போட்டிருக்கு" என்றார் அப்பா.

கிழமை சரி, நேரம் சரி, நட்சத்திரம் மட்டும் வேறு.

"யாராவது ஜோசியர்கிட்டே போய்க் கேளுங்கோளேன்" என்றாள் அம்மா.

"என் பொண்ணு நட்சத்திரத்தை நானே ஊர்ல போய் விசாரிக்கணுமா? வேண்டாம்" என்று அப்பா உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

அந்த 'வேண்டாம்' என்னைப் பிடித்துக்கொண்டது. ஏன் வேண்டாம்? மடியில் கனம் இல்லாவிட்டால் வழியில் ஏன் பயம்? சூத்திரம் நான் கட்டியது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒருவேளை நான் பிறந்தபோதே, பெண்குழந்தை ஆயிற்றே, பின்னால் கஷ்டப்படக் கூடாதே என்று ஜாதகம் எழுதியவரிடம் சொல்லி அப்பாவே மாற்றியிருந்தால்? பள்ளிக்கூடத் தேதியை மாற்றியவர்தானே? சாப்பிடும்போது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நிமிரவில்லை. கடைசியில் நம்ம அப்பாவையே சந்தேகப்பட வைத்துவிட்டதே இந்தக் கல்யாணம் என்று எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது.

அதைவிட மோசமான எண்ணம் ஒன்று பின்னாலேயே வந்தது. அவர்கள் சம்மதித்துவிட்டால்? பையனின் அம்மா சிரிக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. நான் அந்த வீட்டுக்குள் காலை வைத்து, அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், ரெண்டு பேருமாகச் சேர்ந்து பாடாமல் இருக்கலாம் என்று சொன்ன மனிதர் என்னை எப்படிப் பார்ப்பார்? வேண்டாம் என்று நானே சொல்லியனுப்பிவிடலாமா என்று யோசித்தேன். சொல்லவும் மனசு வரவில்லை. சொல்லாமலிருக்கவும் முடியவில்லை. பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டேன். என்ன வேண்டிக்கொள்வது என்றே தெரியாமல், 'ஏதாவது பண்ணு' என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

ஆபீஸ் போகாமல் இருக்க முடியாது. ஒரு பெரிய கட்டடத்துக்கு ராத்திரி ராத்திரியாகக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தார்கள். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்த ஆட்கள், மூன்று ராத்திரி தொடர்ந்து வேலை. ஒவ்வொரு ராத்திரியும் மெஷின் ஒன்பது மணி நேரம் ஓடியதாகச் சூப்பர்வைசர் எழுதி அனுப்பியிருந்தார். மூன்று கட்டங்களில் ஒன்பது மணிக்கான டைமைப் போட்டு, கீழே கூட்டினேன். அச்சடித்து சேச்சியிடம் கொடுத்தேன். சேச்சி, அதாவது அக்கா, எங்கள் அலுவலகத்தின் மூத்த டைப்பிஸ்ட், மலையாளி; முதலாளியிடம் போகும் தாள் எல்லாம் அவர் கண்ணைத் தாண்டித்தான் போகும்.

"மோளே, இதெந்தா? மொத்தம் மூணு மணிக்கூரோ?" என்றார் சேச்சி. "மூணு ராத்திரி ஓடியதல்லே? ஒம்பதும் ஒம்பதும் ஒம்பதும்..." விரலை மடக்கினார். "இருபத்தியேழு வேண்டே?"

பார்த்தேன். மொத்தம் என்ற கட்டத்தில் 3.00 என்றுதான் இருந்தது. கூட்டல் மெஷின் செய்தது. மெஷின் பொய் சொல்லாது. இருபத்தேழு எப்படி மூன்றாகும்? மூன்றும் இருபத்துநாலும் சேர்ந்தால் இருபத்தேழு. அப்படியென்றால் ஒரு முழு நாளை எங்கேயோ முழுங்கியிருக்கிறது.

சேச்சி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். நான் செருப்பைக்கூடக் கழற்ற மறந்து அந்த அறைக்குள் ஓடினேன். அந்தக் கட்டத்தை மணியாகக் காட்டாதே, வெறும் எண்ணாகக் காட்டு என்று மாற்றினேன். 1.125 என்று வந்தது. புள்ளிக்கு முன்னால் ஒரு ஒன்று! முழுங்கவில்லை, பத்திரமாகத்தான் வைத்திருக்கிறது. மணியாக உடுத்திக் காட்டும்போது புள்ளிக்குப் பின்னால் இருப்பதை மட்டும் காட்டுகிறது, முன்னால் இருக்கும் நாளை மறைத்துவிடுகிறது.

பிளாப்பியை மாற்றினேன். என் ஜாதகச் சூத்திரத்தைத் திறந்து, என் பெயருக்கு நேராக 4.51 என்று இருந்த கட்டத்தையும் அப்படியே மாற்றினேன்.

1.202.

ஒன்று! அங்கேயும் ஒன்று! ஆறேகாலுக்குச் சூரியோதயம், அதோடு ஐம்பத்தாறரை நாழிகை. கூட்டினால் நடுராத்திரியைத் தாண்டி அடுத்த நாளுக்குள் போய்விடுகிறது. நம் ஆட்களுக்கு நாள் விடிந்தால்தான் நாள். விடியும்வரை அது செவ்வாய்க்கிழமை ராத்திரிதான். கடிகாரத்துக்கோ பன்னிரண்டு அடித்தாலே புதன். அம்மா சொன்ன செவ்வாய்க்கிழமை ராத்திரியை நான் செவ்வாய்க்கிழமை அதிகாலையாக எழுதிக் கொடுத்துவிட்டேன். நான் பிறப்பதற்கு ஒரு முழு நாள் முன்னாலேயே என்னைப் பிறக்க வைத்துவிட்டேன்! அம்மாவும் சரி, அப்பாவும் சரி, ஜாதகம் எழுதிய அந்தப் புண்ணியவானும் சரி. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கைப் பிடித்தவள் நான் ஒருத்திதான்.

சேச்சியிடம் தலைவலி என்று சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்து, "போ மோளே, போ" என்றார். கிழக்கேகோட்டைக்கு பஸ் பிடித்தேன். அன்றைக்கு ரோட்டை யார் முதுகும் இல்லாமல் கடந்திருக்கிறேன், பின்னால் யோசித்தபோதுதான் தெரிந்தது. கடைக்காரரிடம் அதே நேரம், புதன்கிழமைத் தேதி போட்டுப் பாருங்கள் என்றேன். அச்சு இயந்திரம் கிறீச்சிட்டு அங்குலம் அங்குலமாகத் தாளைத் தள்ளியது. மகம்.

நியாயமாக நான் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் அதற்குள் அந்த மாமா வந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்கிற ஆளாக அவர் தெரியவில்லை. பெண் தானாகப் பையன் வீட்டுக்குப் போவது எங்கள் தெருவில் நடக்கிற காரியமே இல்லை. தலைக்கு மேல் வெள்ளம், சாண் என்ன, முழம் என்ன? போனேன். போகும் வழியெல்லாம் இன்னொரு பயம் கூடவே வந்தது. முதலில் மெஷின் ஜாதகம் கொடுத்தாள், அது சரியில்லை என்றதும் மெஷினே தப்பு என்று வேறு ஜாதகம் கொண்டுவருகிறாள் என்றுதானே சொல்வார்கள்? நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்வேன்.

அந்த அம்மாள் காலை டியூட்டி முடிந்து வந்து கூடத்தில் உட்கார்ந்து வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை.

"வா. உக்காரு. ஏன் இப்படி மூச்சு வாங்கறே? நாய் தொரத்தித்தா?"

"இல்லை மாமி, ஜாதகம்..." என்று ஆரம்பித்தேன். என்னென்ன சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. நாழிகை, டைம், மூன்று ராத்திரி கான்கிரீட், புள்ளிக்கு முன்னால் ஒன்று, செவ்வாய்க்கிழமை ராத்திரி என்று தலைகால் புரியாமல் கொட்டினேன். கடைசியில் தாளை நீட்டி, "நான் மகம் மாமி. எங்கப்பா பொய் சொல்லலை. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி அழுதுவிட்டேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கிப் பார்த்தார்.

"வெளியூர் ட்ரங்க் கால் எழுதி வெக்கற டிக்கெட்ல இதே கூத்து எங்களுக்கும் உண்டு. பன்னெண்டு மணிக்கு முன்னாடி ஆரம்பிச்ச கால் பின்னாடி முடிஞ்சா, எந்தத் தேதி போடறதுன்னு புதுசா வர பொண்கள் முழிக்கும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஏன், அண்ணா உங்காத்துக்கு வந்து சொல்லலையா?" என்று கேட்டார்.

"என்ன மாமி?"

"முந்தாநாளே நான் சரின்னு சொல்லியாச்சே. அண்ணாவுக்கு இஷ்டமில்லை. அதான் இழுத்தடிக்கறான் போலிருக்கு."

எனக்குப் புரியவில்லை. "ஆயில்யம்னு தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான். ஆயில்யம் யாருக்கு ஆகாது? எனக்குத்தானே? அப்போ நான்தானே தீர்மானிக்கணும், அவன் என்ன நடுவுல?" ஒரு வாழைப்பூ மடலை உரித்துக் கீழே போட்டார். "என் நட்சத்திரம் என்ன தெரியுமோ?"

தெரியாது என்று தலையாட்டினேன்.

"பூராடம். பூராடம் நூலாடாதும்பாளே, தாலி நிக்காதுன்னு. என் ஆத்துக்காரர் டைபாய்டுல போனார். ஒருத்தர் டைபாய்டைச் சொல்லலை. பதினஞ்சு நாள் கூடத்துல உக்காத்தி வெச்சு என் நட்சத்திரத்தையே சொன்னா. அன்னிக்கு நெனைச்சுண்டேன், நான் ஒரு பொண்ணுகிட்டே நட்சத்திரம் கேக்க மாட்டேன்னு. அண்ணா கேட்டான், நான் கேக்கலை."

அவரே தொடர்ந்தார்.

"ஒண்ணு சொல்றேன், கேட்டியா? இந்தத் தாளை இப்போ அண்ணாகிட்டே காட்டாதே. காட்டினா, 'மகமா, அப்போ சரி'ம்பான். நான் சொன்ன சரி என்னாறது? அது ஆயில்யத்துக்குச் சொன்ன சரி. அது அப்படியே நிக்கட்டும். தாலி கட்டி முடிஞ்ச உடனே நானே அவன் கையில கொடுத்து, உங்கப்பாகிட்டே மன்னிப்புக் கேக்க வெக்கறேன். உங்கப்பாகிட்டே மட்டும் சொல்லு, பாவம் மனுஷர்."

அந்தத் தாளை மடித்து அரிசி டின்னுக்குள் போட்டு மூடினார்.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "பின்னே! நான் சொல்லலை?" என்றார். அவர் ஒன்றுமே சொல்லவில்லை, அதுதான் உண்மை. நான் அவரைச் சந்தேகப்பட்டேனா என்று அவர் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு பழவங்காடிக்குப் போனார். அன்று அவர் உடைத்த தேங்காயில் ஒரு சில்லு அவர் நெற்றியிலேயே தெறித்துக் காயம். அந்தக் காயத்தோடு சிரித்துக்கொண்டே வந்தார்.

கல்யாணத்துக்கு வந்த அவர்கள் உறவுக்காரர்கள் எல்லாரும் நான் ஆயில்யம் என்று நம்பித்தான் வந்தார்கள். என்னைப் பார்ப்பார்கள், உடனே திரும்பி என் மாமியாரைப் பார்ப்பார்கள், எத்தனை நாளோ பாவம் என்கிற மாதிரி. மூன்றாவது முடிச்சு விழுந்து, மேளம் நின்றதும் என் மாமியார், அரிசி டின்னிலிருந்து வந்த அந்தத் தாளை இடுப்பிலிருந்து எடுத்துத் தன் அண்ணாவிடம் கொடுத்தார். மாமா படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். பிறகு நேராக அப்பாவிடம் போய், பாயசம் பரிமாறுகிற இடத்தில் எல்லாருக்கும் முன்னால் கையைப் பிடித்துக்கொண்டார்.

இதோடு என் பயம் தீர்ந்ததா? அதுதான் இல்லை. முதல் வருஷம் ஆடி மாதம், மழை விடாமல் பெய்த நாட்களில் என் மாமியாருக்குக் காய்ச்சல் வந்தது. அதற்குள் அவரை நான் அம்மா என்றே கூப்பிட ஆரம்பித்திருந்தேன். முதல் நாள் சாதாரணக் காய்ச்சல் என்றார்கள். பிறகு டாக்டர் டைபாய்டு என்றார். என் மாமனாரைக் கொண்டுபோன அதே டைபாய்டு. நான் மகம் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? அந்த ஒன்றைக் கண்டுபிடித்தவள் நான். அது அங்கே இருக்க வேண்டும் என்று உயிரை விட்டுத் தேடியவள் நான். வேண்டும் என்று தேடுகிறவள் கண்ணுக்கு இல்லாததும் தெரியாதா? சூரியோதயத்தைத் தப்பாகப் போட்டிருந்தால்? ஐம்பத்தாறரை என்பதே தப்பாக இருந்தால்? என் கணவர், "நீ மொதல்ல சாப்பிடு" என்றார். என்னால் முடியவில்லை.

அவரை அம்மாவின் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, கொட்டுகிற மழையில் ஆபீஸுக்குப் போனேன். விடுமுறை நாள். வாட்ச்மேனிடம் கெஞ்சி அறையைத் திறக்க வைத்து, அந்தப் பிளாப்பியைப் போட்டு, சூத்திரத்தை முதலிலிருந்து ஒவ்வொரு அடைப்புக்குறியாகப் பார்த்தேன். எண்ணாக மாற்றினேன், மணியாக மாற்றினேன், மறுபடி எண்ணாக மாற்றினேன். பிறகு ஈரப் புடவையோடு வீட்டுக்கு வந்தேன்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து மெதுவாகப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்ணைத் திறக்காமலேயே கேட்டார்.

"போய்ப் பாத்துட்டு வந்தியா?"

"பாத்தேன்."

"ஒண்ணு இருக்கா?"

"இருக்கும்மா."

"இல்லேன்னாலும் நீ எங்காத்துப் பொண்ணுதான், அசடே" என்றார். "புடவையை மாத்திண்டு, கொஞ்சம் கஞ்சி கொண்டா. பசிக்கறது."